ஓரத்தில் எழுதிய இரண்டு சொற்கள்

ஞாயிறு, இரவு.

மாதம் ஒருமுறை நானும் சிவாவும் மீராவும் பேக்கரியில் கூடி, அப்போது பிடித்த புத்தகத்தையும் பாட்டையும் மாற்றிக்கொள்வோம். போன முறை சிவாவுக்கு ஒரு நாவல் கொடுத்தேன். இன்று தேங்காய் பன்னைப் பிய்த்தபடி சொன்னான்:

"ஏனுங்க எழுத்தாளரே, கதையைவிட ஓரத்துல நீ பென்சில்ல கிறுக்குனதுதான் ஜோரா இருக்குது. நூறு பக்கம் தாண்டிப்போட்டேன்."

திக்கென்றது. நூற்று நாற்பதாம் பக்கத்தில், நண்பனின் உயர்வைப் பொறுக்காத ஒருவனைப் பற்றிய பத்திக்குப் பக்கத்தில் "அப்படியே சிவா" என்று எழுதியிருக்கிறேன்.

"எனக்கு அவசரமா வேணும்டா."

"போடா. நாளைக்குப் பல்லடம் பஸ்ல முடிச்சுப்போடுவேன்."

"அவன் பின்னட்டையக்கூட விடமாட்டான்டா," என்று மீரா சிரித்தாள். நானும் சிரித்தேன். சிவா என் காதில் மாட்டிவிட்ட பாட்டில் ஒரு வரிகூட மனதில் நிற்கவில்லை.

விளையாட்டுக்கு எழுதியது என்று சொன்னால் நம்பிவிடுவான். என் முதல் கதை அச்சான அன்று, பேக்கரியில் இருந்த அத்தனை பேருக்கும் டீ சொன்னவன் அவன். அதன் பிறகும் ஒரு வாரம் அந்த நாவல் என்னிடம்தான் இருந்தது. நான் அழிக்கவில்லை. அழிக்க மறந்துவிட்டேன் என்று இந்த டைரியில் எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத முடியவில்லை.