கூலி வாங்காத கார்

என் அன்புக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய மாமா,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் முதலில் எதைக் கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும். மகள் சுகமா என்பதற்கு முன்னால் கார் சுகமா என்றுதான் கேட்பீர்கள். அந்த வரிசையிலேயே சொல்லுகிறேன். கார் சுகம். ஆனால் இப்போது அது என்னுடையதல்ல. றஹீமாவும் சுகம். என்னோடுதான் இருக்கிறாள். வீடு அவளுடையது என்பதால், நான் அவளோடு இருக்கிறேன் என்று சொல்வதுதான் சரி.

நீங்கள் மௌத்தாகி மண்ணுக்குள் போய் ஐந்து வருசம் ஆகப்போகிறது. இவ்வளவு காலம் நான் உங்களுக்கு ஒன்றும் எழுதவில்லை. எழுத வெட்கமாக இருந்தது. உங்கள் காரைத் தொலைத்தவன் உங்கள் கபுறடிக்கு வந்து துஆ ஓதிவிட்டுப் பேசாமல் திரும்பிக்கொண்டிருந்தேன். போன மாதம் ஒரு விசயம் தெரியவந்தது. அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதைச் சொல்வதற்கு முன் மற்றதையும் சொல்லியாக வேண்டும்.

நீங்கள் போன அடுத்த வருசம் அரசாங்கம் மாறியது. அதற்கு முன்பு எப்படி இருந்தது என்பது உங்களுக்குத் தெரியும். கல்முனை பசாரில் என் சைக்கிள் கடைக்கு ஒரு டயர் கேட்டு ஆட்கள் சிபாரிசுக் கடிதத்தோடு வந்த காலம். இந்தத் தட்டுப்பாடு என் ஆயுளுக்குள் தீராது என்று நான் நம்பினேன். கொழும்பில் ஒரு மொத்த வியாபாரியிடம் இருந்த டயர், டியூப் எல்லாவற்றையும் அன்றைய விலைக்குக் கடனாக எடுத்து, கடையை நிரப்பினேன். புது அரசாங்கம் இறக்குமதியைத் திறந்துவிட, சில மாதத்தில் கப்பல் கப்பலாகச் சாமான் வந்தது. ஊரெல்லாம் விலை இறங்கியது. என் கடைக்குள் மட்டும் பழைய அரசாங்கமே நடந்துகொண்டிருந்தது.

பிறகு சூறாவளி வந்தது. கடையின் தகரக் கூரையைக் கழற்றிப் பாண்டிருப்புப் பக்கம் கொண்டுபோனது. டயர்களைத் தொடவில்லை. அந்த விலைக்கு அதுவும் எடுக்கவில்லை.

கொழும்பு முதலாளி இரண்டு வருசம் பொறுத்தார். அதற்குமேல் அவரைக் குறை சொல்ல முடியாது. வழக்குப் போட்டார். என்னைக் கடன் கட்ட வழியில்லாத வங்குரோத்துக்காரன் என்று நீதிமன்றம் தீர்த்தது. பத்திரிகையில் அறிவித்தல் வந்தது. என் பெயர் அச்சில் வந்தது அதுதான் முதல் தடவை. எழுத்துப் பிழை ஒன்றும் இல்லாமல் வந்தது.

என் சொத்துகளைப் பதிய நீதிமன்றத்திலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்தார். மரியாதையான மனுசன். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்து, ஒவ்வொரு சாமானாகத் தொட்டு, இது ஆருடையது என்று கேட்டார். உங்கள் மகள் தேத்தண்ணீர் கொடுத்துக்கொண்டே, வீடு என்ட, அலுமாரி வாப்பா எனக்குத் தந்தது, கட்டில் எனக்குத் தந்தது, ரேடியோ என்ட என்று சொல்லிக்கொண்டு வந்தாள். ஒன்றும் பொய் இல்லை. மனுசன் பேனையை மூடிவிட்டு, அப்படியென்றால் இவருக்கு இந்த வீட்டில் என்னதான் இருக்கிறது என்று கேட்டார். றஹீமா கொஞ்ச நேரம் உண்மையாகவே யோசித்தாள்.

"உடுக்கிற நாலு சாரன். முத்தத்தில நிக்கிற கார்."

எங்கள் ஊர்களில் வீடு பெண்பிள்ளைக்கு எழுதப்படுகிறது. ஆண்பிள்ளை அங்கே போய் இருக்கிறான். உங்களுக்கும் அப்படித்தான். இப்போது நீங்கள் இருக்கும் இடம்தான் உங்களுக்கென்று அமைந்த முதல் வீடு. எனக்கு அதுவும் இன்னும் அமையவில்லை என்பதால், கடன்காரர் தொடக்கூடிய என் ஒரே சொத்து நீங்கள் தந்த அந்தக் கறுப்பு ஏ ஃபோட்டி கார் மட்டும்தான்.

அதைக் காப்பாற்ற ஒரு வழி இருந்தது. எனக்காக வழக்குப் பேசிய பிரக்கிராசியார் யாழ்ப்பாணத்து மனுசன், சட்டத்தைக் கரைத்துக் குடித்தவர். கடனாளி தன் தொழிலுக்கு அவசியமான கருவியை வைத்துக்கொள்ளலாம் என்று சட்டத்தில் ஓர் இடம் உண்டு என்றார். தச்சனுக்கு உளி, தையற்காரனுக்கு மெசின். கடை போய்விட்டது, காரை ஓட்டித்தான் நீர் சீவிக்கிறீர் என்று காட்டினால் கார் உம்மோடு இருக்கும் என்றார். மூன்று பிள்ளைகள் மாமா. எனக்குத் தெரிந்த மற்றத் தொழில் ஸ்டியரிங் பிடிப்பது ஒன்றுதான். காரும் போனால் றஹீமாவின் வீட்டில், றஹீமாவின் வயல் நெல்லில், றஹீமாவின் சோற்றுக் கோப்பையில் சாப்பிடும் ஒரு சாமானாக நானும் அந்தப் பட்டியலில் சேரவேண்டியதுதான்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அந்தச் சிக்கல் நீங்கள்.

காரை என் பேருக்கு மாற்றித் தந்த அன்று, திறப்புச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிபந்தனை சொன்னீர்கள். "புள்ளத்தாச்சி, நோயாளி, மாப்பிள்ளை. இந்த மூணு பேரிட்டயும் கூலி வாங்கப்படாது மருமகன்." நான் ஓம் என்றேன். அன்று எனக்குக் கடை இருந்தது. பிறகுதான் யோசித்துப் பார்த்தேன். இந்த மூவரையும் கழித்தால், எங்கள் பக்கத்தில் கார் பிடிக்க யார் மிஞ்சுகிறார்? மற்றவர்கள் பஸ்ஸில் போகிறார்கள். கடை போனபிறகும் நான் அந்தச் சொல்லைக் காப்பாற்றினேன். ஆட்கள் பதிலுக்கு நெல், தயிர், வாழைக்குலை, கருவாடு என்று கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்கள். அதில்தான் அடுப்பு எரிந்தது. எண்ணெய் அடிப்பதற்குத் தயிரை எந்தப் பெற்றோல் செட்டிலும் எடுக்கவில்லை. அதனால் பாதி நாள் கார் முற்றத்தில் நின்றது.

அந்த நெல்லும் தயிரும்தான் கூலி என்று வாதிப்போம் என்றார் பிரக்கிராசியார். சாட்சிக்கு இரண்டு பேரைக் கேட்டார். சொறிக்கல்முனை சீனித்தம்பியை உங்களுக்குத் தெரியும், வாய்க்கால் ஓரத்தில் வயல் செய்கிறவர். அவருடைய மகளைப் பிரசவத்துக்கு நான்தான் கொண்டுவந்தேன். மற்றவர் மருதமுனைப் பள்ளிக்கூடத்துக் காதர் மாஸ்டர். அவருடைய மகன் மாப்பிள்ளையாகப் போனது நம் காரில். இரண்டு பேரும் உடனே சம்மதித்தார்கள். சீனித்தம்பி விதைப்பை விட்டுவிட்டு வந்தார். மாஸ்டர் இரண்டு நாள் லீவு போட்டார், ஒன்று தயார்படுத்திக்கொள்வதற்கு.

முதலில் சீனித்தம்பி கூண்டில் ஏறினார். சரியான மழைக்குள்ள, பாதை தெரியாத தண்ணிக்குள்ள வந்து பிள்ளையை ஏத்திக்கொண்டு போன மனுசன் இவர் என்று தொடங்கினார். கேட்பதற்கு எனக்கே நன்றாக இருந்தது. பிரக்கிராசியார் மெதுவாகக் கேட்டார். பிறகு நீர் ஒரு மூட்டை நெல் கொண்டுபோய்க் கொடுத்தீர் அல்லவா? கொடுத்தேன் என்றார். அது கார்க் கூலிதானே?

சீனித்தம்பியின் முகம் மாறியது.

"கூலியா? அது சந்தோசத்துக்குக் குடுத்த ஐயா. கூலியெண்டு நீட்டினா அந்த மனுசன் வாங்குவாரா? அவரை ஆரெண்டு நினைச்சீங்க?"

நீதிபதி எழுதினார். அந்தப் பேனையின் சத்தம் எனக்குக் கேட்டது.

காதர் மாஸ்டர் சாட்சி சொல்லவில்லை, உரையாற்றினார். இந்தப் பிரதேசத்தில் வாகனம் வைத்திருப்போர் பலர், ஆனால் ஒரு சதத்தைக் கூடத் தீண்டாத கரம் ஒன்றே ஒன்று என்று என்னைக் கைகாட்டினார். தொழிலுக்கு ஓட்டுகிறவனுக்கும் தர்மத்துக்கு ஓட்டுகிறவனுக்கும் உள்ள வேறுபாட்டை உதாரணங்களோடு விளக்கினார். கொழும்பு முதலாளியின் பிரக்கிராசியார் எழுந்து, தனக்குக் கேள்வி ஒன்றும் இல்லை, மாஸ்டருக்கு நன்றி என்றார். என்னுடையவர் என் பக்கம் குனிந்தார். "இன்னும் எத்தினை பேர் உம்மைப் புகழ இருக்கினம்?"

கடைசியாக நான். சத்தியம் செய்துகொண்டு நின்றேன். இந்தக் காரை நீர் கூலிக்கு ஓட்டிச் சீவித்தீர், அப்படித்தானே என்று என் பிரக்கிராசியார் கேட்டார். ஓம் என்று ஒரு சொல். அந்த ஒரு சொல்லில் கார் மிஞ்சலாம். சாட்சிகள் இருந்த வாங்குப் பக்கம் பார்த்தேன். சீனித்தம்பி தோய்த்து மடித்த வெள்ளைச் சட்டையில் இருந்தார், கால் நகத்தில் வயல் சேறு. மாஸ்டர் தொப்பியை நேராக்கிக்கொண்டு எனக்குத் தலையசைத்தார். நான் ஓம் என்றால் இந்த இரண்டு பேரும் ஊரறியப் பொய்யர்.

"இல்ல ஐயா. நான் கூலி வாங்கினது இல்ல."

இதை நேர்மைக் கணக்கில் எழுதிவிடாதீர்கள் மாமா. பஸ்ஸுக்குக் காசு செலவழித்து வந்து என்னைப் புகழ்ந்த மனுசரைப் பொய்யராக்க எனக்குத் துணிவு வரவில்லை, அவ்வளவுதான். வெளியே வந்ததும் இருவரும் என்னைக் கட்டிப்பிடித்தார்கள். நாங்கள் சொன்னதை நீங்களும் அப்படியே சொல்லிவிட்டீர்கள் என்று மாஸ்டருக்கு நல்ல சந்தோசம். எனக்குத் தேத்தண்ணீர் வாங்கித் தந்தார்கள். கார் போய்விட்டது என்பதை அவர்களுக்கு விளங்கவைக்க இரண்டு தேத்தண்ணீர் தேவைப்பட்டது.

ஏலத்துக்கு ஊரே வந்தது. ஆனால் ஊரவர் ஒருவரும் விலை கேட்கவில்லை. ஒரு மனுசனின் கஷ்டத்தில் அவனுடைய பொருளுக்கு விலை சொல்வது எங்கள் ஆட்களுக்கு வெட்கம். எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார்கள். அந்த மரியாதையால் கார் அரை விலைக்குப் போனது, மிச்சக் கடன் என் தலையில் நின்றது. எடுத்தவர் வெளியிலிருந்து வந்த அக்கரைப்பற்று முதலாளி ஒருவர். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. எடுத்த கையோடு என்னைத் தேடி வந்து, மாதச் சம்பளத்துக்கு ஓட்டுவீர்களா என்று கேட்டார். நான் அந்தத் திறப்பைக் கொடுத்தது காலையில், திரும்ப வாங்கியது பின்னேரம்.

இப்போது கல்முனைச் சந்தியில் வாடகைக்கு நிற்கிறேன். முதலாளி ஒவ்வோர் இடத்துக்கும் கூலி எழுதித் தந்திருக்கிறார். யாரிடமும் விடக்கூடாது என்பது அவருடைய நிபந்தனை. சந்தியில் இப்போது யப்பான் வான்கள் நிற்கின்றன. நம் கார் நடுவில் நிற்கும்போது, தவறி வந்த மௌலவியைப் போல இருக்கிறது.

போன மாதம் சீனித்தம்பி வந்தார். இரண்டாவது மகளுக்கு இடுப்புவலி. ஆசுபத்திரி வாசலில் மகளை இறக்கி உள்ளே அனுப்பிவிட்டு, அவருடைய முகத்தைப் பார்க்காமல், ரோட்டைப் பார்த்துக்கொண்டு கூலியைச் சொன்னேன். மனுசன் மடியை அவிழ்த்துக் காசை எடுத்துத் தந்தார்.

"கோவிக்காதீங்க. கார் இப்ப என்ட இல்ல" என்றேன்.

"என்னத்துக்குக் கோவிக்க? அண்டைக்கும் காசு மடியிலதான் கிடந்த. நீங்க கேக்கல்ல."

என் மாமா இப்படியானவர்களிடம் வாங்கியதில்லை, அதனால்தான் நானும் கேட்கவில்லை என்றேன். அவர் சிரித்தார்.

"உங்கட மாமா கூலி வாங்கமாட்டார்தான் காக்கா. இந்த வாசலில காரை நிப்பாட்டிப்போட்டு, அந்த எண்ணெய் அளவு காட்டுற முள்ளில ரெண்டு தட்டுத் தட்டுவார். மறுகா எங்கட முகத்தைப் பாப்பார். நாங்க எண்ணெய்க்கெண்டு காசைச் சீற்றில வைச்சிட்டு இறங்குவம். எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே."

இதை ஏன் நீதிமன்றத்தில் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"கோட்டில கூலியைத்தானே கேட்டாங்க? எண்ணெயை ஆரு கேட்டாங்க?"

மாமா, அந்தத் தட்டலை நான் நூறு தடவையாவது பார்த்திருக்கிறேன். முள் ஒட்டிக்கொள்கிறது என்று நினைத்தேன். கார் என் கைக்கு வந்த முதல் வாரமே உங்களுக்குச் செய்யும் மரியாதையாக அதைக் காசு கொடுத்துத் திருத்துவித்தேன். நீங்கள் பின் சீற்றில் இருந்து பார்த்துக்கொண்டுதான் வந்தீர்கள். ஏன் ஒன்றும் சொல்லவில்லை? பசாரில் கடை வைத்திருப்பவனுக்கு இதையும் சொல்லித்தர வேண்டுமா என்று நினைத்தீர்களோ? அல்லது சொன்னால் அதற்குக் கூலி என்று பெயர் வந்துவிடும் என்று பயந்தீர்களோ?

வீட்டுக்கு வந்து றஹீமாவிடம் சொன்னேன். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள், நிமிரவுமில்லை. "அது தெரியாதா உங்களுக்கு? நீங்க கடைக்கார ஆள், காசு தேவையில்லாமத்தான் கேக்காம விடுறீங்க எண்டு நினைச்சன்" என்றாள். ஊருக்கே தெரிந்திருந்தது. நீங்கள் எப்பேர்ப்பட்ட ஆளை மருமகனாக எடுத்தீர்கள் என்பதும் ஊருக்குத் தெரிந்திருந்தது போல.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. இரண்டு வெள்ளிக்கிழமை உங்கள் கபுறடிக்கு வரவில்லை. மூன்றாவது வெள்ளி வந்தேன். உங்களுக்கும் எண்ணெய் அடிக்க வேண்டியிருந்தது, வீட்டில் அடுப்பெரிய வேண்டியிருந்தது, அதைக் கேட்க உங்களுக்கு வாய் வரவில்லை என்று நினைத்தபோது, முன்பு இருந்ததைவிட உங்களைக் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்திருந்தது. பயம் மட்டும் குறைந்துவிட்டது.

இந்த வங்குரோத்துக்கு ஒரு முடிவு வரும் என்கிறார் பிரக்கிராசியார். அன்றைக்கு அக்கரைப்பற்று முதலாளியிடம் போய் இந்தக் காருக்கு விலை கேட்பேன், வெட்கப்படாமல் கேட்பேன். வாங்கியபிறகு நீங்கள் சொன்ன சொல்லை மீறமாட்டேன். புள்ளத்தாச்சியிடமோ நோயாளியிடமோ மாப்பிள்ளையிடமோ ஒரு சதம் கூலி வாங்கமாட்டேன். வாசலில் காரை நிறுத்தி, எண்ணெய் முள்ளில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, அவர்களின் முகத்தைப் பார்ப்பேன். இன்ஷா அல்லாஹ்.

உங்கள் மகளின் வீட்டிலிருந்து,
உங்கள் மூத்த மருமகன்
உதுமான்