கெட், டேக், இரண்டு தாள்

ஜூன் 11, புதன்

காலையிலேயே அனல். கொடியில் போட்ட வெள்ளைப் புடவையில் சுரங்கத்திலிருந்து பறந்து வந்த கரித்தூள். மறுபடி அலசல். ஞாயிறு பரீட்சை. ரெக்கார்ட் ரூம் கிளார்க், பெர்மனென்ட், ஒரே ஒரு இடம். காண்ட்ராக்டில் பதினாலு வருஷம் ஓட்டியாச்சு. அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும். இதுதான் கடைசி.

இங்கிலீஷ்தான் பயம். பிளஸ் ஒன் படிக்கிற என் மகள் பாப்பா நோட்டுப் போட்டுக் கொடுத்திருக்கிறாள். அதில் ரெண்டே வினைச்சொல்லுக்கு ரெண்டு முழுத் தாள். கட்டாயம் கேட்பார்களாம்.

கெட்: வாங்கு, கிடை, போய்ச் சேர், புரிந்துகொள், எழுந்திரு. கோபம் வந்தாலும் கெட், கல்யாணம் ஆனாலும் கெட்.
டேக்: எடு, பஸ் பிடி, மாத்திரை சாப்பிடு, லீவு போடு, கூட்டிக்கொண்டு போ. பரீட்சை எழுதுவதும் டேக்.

ரெண்டு சொல்லை வைத்து ஊர்ப்பட்ட வேலை வாங்குகிறான் வெள்ளைக்காரன். எங்கள் காண்ட்ராக்டர் தோற்றார்.

ஜூன் 12, வியாழன்

கலாவும் அதே இடத்துக்கு எழுதுகிறாள். பக்கத்து மேசைக்காரி, குறிஞ்சிப்பாடியிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். முப்பது வயது. என்னைவிடச் சூட்டிகை. நோட்டை ஒரு நாளைக்குத் தா என்று கேட்டாள். ஏழு வருஷப் பழக்கம், முடியாது என்று எப்படிச் சொல்வது?

பாத்ரூமுக்குப் போய் அந்த ரெண்டு தாளையும் கிழித்து எடுத்துக்கொண்டு நோட்டைக் கொடுத்தேன். அவளுக்கு இன்னும் எத்தனையோ பரீட்சை இருக்கிறது. எனக்கு இல்லை.

சாதம் குழைந்துவிட்டது.

ஜூன் 13, வெள்ளி

கலா வரவில்லை. போன் ஸ்விட்ச் ஆஃப். கண்டுபிடித்துவிட்டாளா? யாரிடமாவது சொல்லிவிட்டாளா? சூப்பர்வைசர் கூப்பிட்டதும் அதற்குத்தான் என்று நினைத்தேன். ஏதோ பைல் கேட்கத்தான்.

வாங்க: துவரம் பருப்பு, பால், நீலப் பேனா 2.

பாப்பா கேள்வி கேட்டாள். ஒன்றும் மண்டையில் நிற்கவில்லை.

ஜூன் 14, சனி

மத்தியானம் வாசலில் கலா. கண் சிவந்திருந்தது. நோட்டை நீட்டினாள். முதுகைப் புது நூலால் தைத்திருக்கிறாள். உள்ளே புதிதாக ரெண்டு தாள், அவள் கையெழுத்து. பாப்பா எழுதியதைவிட நாலைந்து அர்த்தம் கூடவே இருந்தது.

“மொத பக்கத்து லிஸ்டுல கெட், டேக்னு இருக்குது, உள்ள தாளக் காணோம்க்கா. நாந்தான் பஸ்ஸுல வுட்டுட்டேன். டிப்போ வரைக்கும் போய்த் தேடினேன். நேத்து பூரா குந்திக்கினு எழுதினேன். கோச்சிக்காதக்கா.”

டீ போட்டுக் கொடுத்தேன். இப்போது சொன்னால் நாளைக்கு அவளுக்குப் பரீட்சை ஓடாது என்று எனக்கு நானே சமாதானம். பொய். பயம்தான்.

ஜூன் 15, ஞாயிறு

எழுதியாச்சு. கெட், டேக் ஒரு கேள்வி கூட வரவில்லை.

கணக்கில் பத்து கேள்வி விட்டுப்போச்சு என்றாள் கலா. வெள்ளிக்கிழமையைக் கணக்குக்கென்று வைத்திருந்தாளாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத் தாங்கவில்லை. பஸ் ஸ்டாப்பில் சொல்லிவிட்டேன். தாள் தொலையவில்லை, நான்தான் கிழித்தேன், வேண்டுமென்றே.

என் முகத்தையே பார்த்தாள். அழுவாள், திட்டுவாள் என்று நினைத்தேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“எனக்கு பஸ் வந்துடுச்சு. நீங்க போங்க.”

ஏழு வருஷமாக அக்கா, நீதான். இன்றைக்குத்தான் நீங்க.