பெருவிரலும் கிழக்கு வாசலும்

மார்ச் 3, செவ்வாய்

காலை எட்டு மணிக்கே வெயில் ஏறிவிட்டது. மாசி இன்னும் முடியவில்லை. தொட்டித் தண்ணீர்கூடச் சுடுகிறது.

இன்று முதல் எழுத வேண்டும். ஆஸ்பத்திரியில் கால் பயிற்சி சொல்லித்தரும் பொண்ணு, தினமும் வலி பத்துக்கு எத்தனை என்று குறித்து வைக்கச் சொன்னது. தம்பி சிவகாசியில் பிரஸ்ஸில் இருக்கிறான், அவன் கொடுத்த டைரி இது. பைண்டிங்கில் கழித்தது. மே மாதம் இரண்டு தடவை வருகிறது, ஜூன் இல்லவே இல்லை. எனக்கென்ன, ஜூனுக்குள் வலி போனால் சரி.

வலி: காலை 4, மாலை 7. பிரசவ வலி பத்து என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன்.

நாளையோடு ஆபரேஷன் முடிந்து நான்கு மாதம். வலது கால். பெருவிரல் மூட்டில் எலும்பு புடைத்து, விரல் சாய்ந்து பக்கத்து விரல்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. எலும்பை வெட்டி நேராக்கி, உள்ளே இரண்டு ஸ்க்ரூ. நோய்க்கு டாக்டர் சொன்ன பெயர் பனியன். வீட்டில் வந்து சொன்னதும் இவர், "அதுக்கு எதுக்கு ஆஸ்பத்திரி, ஜவுளிக்கடைக்குப் போனாப் போதுமே" என்றார். அன்று சிரித்தேன்.

இப்போது விரல் நேராக இருக்கிறது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. மடங்க மாட்டேன் என்கிறது.

மார்ச் 4, புதன்

சாத்தூரில் பஸ் மாறி விருதுநகர் போய் வந்தேன். கூட யாரும் இல்லை. இவர் லோடு வண்டியோடு வெளியூர். பஸ்ஸில் ஒருத்தி என் காலை மிதித்தாள். இடது காலை. சாமி காப்பாற்றினார்.

எக்ஸ்ரே பார்த்தார்கள். எலும்பு நன்றாகச் சேர்ந்துவிட்டதாம். வீக்கம் போக ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருஷம். விரல் பழையபடி முழுசாக மடங்குமா என்று கேட்டேன். "பாக்கலாம்மா" என்றார் டாக்டர். அவர்கள் 'பாக்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

"எப்ப ஓடலாம் சார்?"

சிரித்துவிட்டார். "இந்த வயசுல எதுக்கும்மா ஓடணும்? மெதுவா நடங்க. எப்பவும் மெத்துனு இருக்கிற செருப்பு போட்டே நடங்க."

பட்டாசு மருந்து செலுத்தும் ரூமில் எங்களுக்குச் செருப்பே கூடாது என்று அவரிடம் சொல்லவில்லை. பின்னால் நாற்பது பேர் நிற்கிறார்கள், அவரிடம் போய் பட்டாசுக் கம்பெனிக் கதையை ஆரம்பிக்க முடியுமா.

வலி 7. பஸ் குலுக்கல்.

மார்ச் 5, வியாழன்

நேற்று சொல்லாததை இதிலாவது எழுதி வைக்கிறேன்.

ஓடத்தான் நான் விரலை வெட்டிக்கொண்டேன். அழகுக்கு இல்லை. செருப்பு நுழையவில்லை என்பதற்கும் இல்லை. அதையெல்லாம் பத்து வருஷம் பொறுத்துக்கொண்டவள்தான்.

போன ஆடியில் ஒரு நாள் கம்பெனியில் பக்கத்து ரூமில் புகை. எல்லாரும் ஓடினோம். அதற்குத்தான் ரூமுக்கு நான்கு பேர், இரண்டு வாசல், வாசலில் ஒரு துரும்பு கிடக்கக்கூடாது என்று சட்டம். மற்றவர்கள் மரத்தடிக்குப் போய்விட்டார்கள். நான் பாதி வழியில். விரல் இழுத்துப் பிடித்துக்கொண்டது, கால் ஊன்ற முடியவில்லை. என் ரூமில் கூட வேலை செய்யும் சுப்புத்தாய் மரத்தடியிலிருந்து திரும்பி வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அன்று யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, புகையோடு அடங்கிவிட்டது.

ஆனால் அவள் திரும்பி வந்தாள். எங்கள் வேலையில் அதைச் செய்யக்கூடாது. யாரும் திரும்பி வரக்கூடாது.

அவளுக்கு ஏழாவது படிக்கிற ஒரே பையன். புருஷன் இல்லை. அன்று ராத்திரியே முடிவு செய்தேன், தீபாவளி முடிந்து கம்பெனி மூடினதும் காலைச் சரி செய்துவிடுவது என்று.

வலி 5.

மார்ச் 7, சனி

சுப்புத்தாய் வந்தாள். சாத்தூர்ச் சேவு கால் கிலோ. எங்கள் வீட்டுக்காரர் அவளுக்கு அண்ணன் முறை, அதனால் நான் மதினி. முறை பார்த்தெல்லாம் பழகவில்லை. பதினொரு வருஷம் ஒரே ரூமில் எதிரெதிரே உட்கார்ந்து பூச்சட்டிக்கு மருந்து செலுத்தியிருக்கிறோம். என் கை வேகம், அவள் கை சுத்தம். இரண்டு பேருக்கும் தூக்குவாளி வேறு வேறு, சாப்பாடு ஒன்று.

வந்ததும் வராததுமாக, "காலைக் காட்டுங்க" என்றாள். தழும்பைத் தொட்டுப் பார்த்தாள். விரலின் உள்பக்கம் எனக்கு உணர்ச்சி இல்லை என்று சொன்னேன். கிள்ளிப் பார்த்தாள். தெரியவில்லை. அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"பங்குனி பெறக்கவும் வந்திருவீகல்ல மதினி?"

"வராம எங்கன போவேன்."

"ஒங்க எடத்துல தற்காலிகமா ஒரு பிள்ளைய போட்டிருக்காக. வாயத் தொறக்க மாட்டேங்கா. எனக்குப் பைத்தியம் பிடிக்கு. ஒங்க எடத்த யாருக்கும் விட மாட்டேன், பாத்துக்கோங்க."

அவள் போன பிறகும் வீடு கலகலவென்று இருந்தது. வலி எத்தனை என்று பார்க்க மறந்துபோனேன்.

மார்ச் 10, செவ்வாய்

துண்டைத் தரையில் போட்டு விரலால் சுருட்டுவது, 20 தடவை. இரண்டாவது விரல்தான் சுருட்டுகிறது. பெருவிரல் பெரியவர் சும்மா வேடிக்கை பார்க்கிறார்.

முடியாதவை:
குத்தவைத்து உட்கார.
உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழுந்திருக்க.
நுனிக்காலில் நின்று பரணில் டப்பா எடுக்க.
சுடுதரையில் வெறுங்காலோடு நிற்க.
கோவிலில் சுற்றி வர. (ஒரு சுற்று வந்தேன். மூன்றுக்குப் பதில் ஒன்று. அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள்.)

மத்தியானம் தெருவில் ஆள் இல்லாத நேரம் பார்த்து வீட்டுக்குப் பின்னால் செருப்பில்லாமல் ஓடிப் பார்த்தேன். பத்தடி. கால் வெளிப்பக்கமாகச் சாய்கிறது, பெருவிரல் தரையைத் தள்ளவே இல்லை. பின் வீட்டு ஜன்னலில் இரண்டு குரல்: "செல்விக்கா என்ன, கோழி வெரட்டுதா?" "இல்ல, அவுக வீட்ல ஏது கோழி."

வலி 8.

மார்ச் 13, வெள்ளி

இவரோடு சண்டை. சண்டை என்றால் அவர் பேசினார், நான் கேட்டேன்.

"பாக்கிங்ல போய் நில்லு. அங்கன செருப்பு போட்டுக்கிடலாம், மருந்து கிடையாது, ஓடவும் வேண்டாம். யாரு ஒன்னய மருந்து ரூமுக்கே போகச் சொன்னா?"

பாக்கிங் எனக்குத் தெரியாதா. பெட்டி மடித்து, லேபிள் ஒட்டி, அடுக்குவது. தப்பான வேலை இல்லை. ஆனால் அது கம்பெனியின் அந்தக் கோடியில் இருக்கிறது. சாப்பாட்டு மணிகூட வேறு. அங்கே போனால் வேலை இருக்கும். சுப்புத்தாய் இருக்க மாட்டாள். இதை இவரிடம் எப்படிச் சொல்வது, சின்னப் பிள்ளை மாதிரி இருக்கிறது. அதனால் "பாக்கிங்குக்கு நான் போக மாட்டேன், அம்புட்டுதான்" என்று மட்டும் சொன்னேன்.

கொஞ்ச நேரம் கழித்து உப்புப் போட்டு வெந்நீர் கொண்டு வந்து என் காலடியில் வைத்துவிட்டு வெளியே போனார்.

வலி 6.

மார்ச் 16, திங்கள்

பங்குனி பிறந்துவிட்டது. வீக்கம் போகவில்லை. காலையில் ஒரு கால் சின்னது, சாயங்காலம் அதே கால் பெரியது.

இன்று அழுதேன். காரணம் ஒன்றும் பெரிசாக இல்லை. அரிசி களைந்துகொண்டிருந்தபோது விரலுக்குள் மின்சாரம் பாய்ந்த மாதிரி ஒரு வெட்டு. ஒரு நொடிதான். அது போன பிறகு, நாளைக்கும் வரும், நாளை மறுநாளும் வரும் என்று தோன்றியது. அரிசியைப் போட்டுவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். வெட்டாமலே இருந்திருக்கலாமோ என்று முதல் தடவையாக நினைத்தேன். முன்னே வலித்தாலும் அது என் பழைய விரல், அதன் குணம் எனக்குத் தெரியும். இது யாரோ.

வலி எழுதவில்லை. எழுதி என்ன.

மார்ச் 20, வெள்ளி

கம்பெனிக்குப் போர்மேன் அண்ணாச்சியைப் பார்க்கப் போனேன். நல்ல மனுஷன். என்னைவிட அவருக்குத்தான் கூச்சம்.

"மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாத தாயி. சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல. ரூம்ல இருந்து எந்திரிச்சு அந்த மரம் வரைக்கும் ஓடிக் காட்டு."

தெரியும், கேட்பார் என்று. வேனில் ஏறும்போதே வலி மாத்திரை இரண்டு போட்டிருந்தேன். ஒன்றுதான் போட வேண்டும். எழுந்தேன், பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினேன். எப்படி ஓடினேனோ. மரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்துச் சிரித்தேன். அண்ணாச்சி என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலிக்கா?"

"இல்ல அண்ணாச்சி."

"சரி. திங்கக்கிழம வா."

வீட்டுக்கு வந்து பார்த்தால் கால் பூசணி. வலி 9. சந்தோஷமும் 9.

மார்ச் 23, திங்கள்

போனேன்!

உடம்பில் இருக்கும் மின்சாரம் இறங்க வாசலில் வைத்திருக்கும் செப்புத் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே நுழைந்தேன். தரை ஜில்லென்று இருந்தது. நான்கு மாதமாக வெறுங்காலைத் தரையில் வைக்கப் பயந்தவள், அங்கே வைத்ததும் நிம்மதி.

என் பழைய இடத்துக்குப் போனேன். சுப்புத்தாய் கையைப் பிடித்தாள். "அங்கன இல்ல மதினி. இங்கன உக்காருங்க." கிழக்கு வாசலை ஒட்டின இடம். பதினொரு வருஷமாக அவள் உட்கார்ந்த இடம், ரூமிலேயே நல்ல இடம் அதுதான். எழுந்தால் வெளியே. "நீங்க வாசல்ல இருந்தா எனக்கு நிம்மதி. நான் உள்ள இருந்துக்கிடுதேன்." மற்ற இரண்டு பேரும் மேற்கு வாசல் பக்கம். அவர்களும் சரி என்றார்கள்.

நான் மறுத்துப் பார்த்தேன். கேட்கவில்லை. கூடப்பிறந்தவள்கூட இப்படிச் செய்வாளா.

கை வேகம் குறையவே இல்லை. சாப்பாட்டுக்குக் கத்தரிக்காய்க் குழம்பு, அவள் கொண்டுவந்தது. ஊர்க்கதை முழுவதும் பேசித் தீர்த்தோம்.

வலி 7. பரவாயில்லை.

மார்ச் 24, செவ்வாய்

வெயில். போனேன், வந்தேன். வலி 7. மாத்திரை 2. இவர் மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டார்.

மார்ச் 25, புதன்

மத்தியானம் இரண்டு மணி இருக்கும். கேட்டுப் பக்கம் டமார் என்று ஒரு சத்தம். லோடு ஏற்ற வந்த லாரியின் டயர் வெடித்தது. அது பிறகுதான் தெரியும். அந்த நொடியில் எங்களுக்கு டயரா தெரியும்.

மேற்கு வாசல்காரிகள் இரண்டு பேரும் சத்தம் அடங்குவதற்குள் வெளியே. நான் எழுந்தேன். எழ முயன்றேன். சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த கால் மரத்துப்போயிருந்தது. விரல் மடங்கினால்தான் உந்தி எழ முடியும், அது மடங்கவில்லை. ஒரு கையைத் தரையில் ஊன்றி, இன்னொரு கையால் நிலையைப் பிடித்து, பாதி எழுந்து, வாசலிலேயே மாட்டிக்கொண்டேன். வாசலை அடைத்துக்கொண்டு.

முதுகில் ஒரு கை. சுப்புத்தாயின் கை. தள்ளவில்லை. தள்ளினால் விழுந்துவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும். மேற்கு வாசல் காலியாகத் திறந்து கிடக்கிறது, நாலு எட்டு. அந்தப் பக்கம் போகவும் இல்லை. என் பின்னால் நின்றாள். "மெதுவா மதினி, மெதுவா" என்றாள். மருந்துக்கு நடுவில் நின்றுகொண்டு என்னை மெதுவாக எழுந்திருக்கச் சொன்னாள்.

வெளியே வந்தபோது எல்லாரும் லாரியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பயம் போனால் சிரிப்பு வரும், எப்போதும் அப்படித்தான். நாங்கள் இரண்டு பேரும் சிரிக்கவில்லை. அவள் உதடு வெளுத்திருந்தது. என் முதுகில் வைத்த கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

போன ஆடியில் அவள் திரும்பி வந்தாள். அது நடக்கக்கூடாது என்றுதான் இத்தனையும். இன்று திரும்பி வரக்கூட இல்லை. போகவே இல்லை.

வேனில் பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தோம். ஏழாயிரம்பண்ணையில் இறங்கி அவரவர் வீட்டுக்குப் போனோம்.

மார்ச் 26, வியாழன்

காலையில் மேகம் மாதிரி இருந்தது, கலைந்துவிட்டது. மாத்திரை போடவில்லை.

ஆறு மணிக்கே சுப்புத்தாய் வீட்டுக்குப் போனேன். பையனுக்குத் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன். நான் பாக்கிங்குக்குப் போகிறேன் என்றால் அவள் என்னென்ன சொல்வாள், அழுவாள், சத்தியம் கேட்பாள், ஒவ்வொன்றுக்கும் நான் என்ன பதில் சொல்வது என்று. போர்மேன் சொல்லிவிட்டார் என்று பொய் சொல்லலாமா, செருப்பு மேல் பழியைப் போடலாமா என்றுகூட.

வாசலில் நின்றபடியே சொன்னேன். "சுப்பு, நான் இனி நம்ம ரூமுக்கு வரல. பாக்கிங் கேட்டு வாங்கிக்கிடுதேன்."

தோசைக் கரண்டியோடு அப்படியே நின்றாள். பிறகு ஒரு பெரிய மூச்சு விட்டாள். எத்தனை நாளாக அடக்கி வைத்திருந்தாளோ.

"சரி மதினி" என்றாள்.

எனக்கு வேண்டியதும் அதுதான். அவள் பிழைத்துக் கிடக்க வேண்டும், அந்தப் பையனுக்குத் தோசை ஊற்ற வேண்டும். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஆனாலும் ஒரு வார்த்தைக்காவது, "வேண்டாம் மதினி" என்று சொல்லியிருக்கலாம்.