கண்ணாடி மாட்டிய உயரம்

அன்புள்ள உங்களுக்கு,

நானும் சின்னவளும் நலம். நீங்கள் நலமா என்று கேட்டால், "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்பீர்கள். அதனால் கேட்கவில்லை. தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிக்காதீர்கள். இதைப் போனில் ஆரம்பித்தால் நடுவில் ஏதாவது கேலி பேசிச் சிரிக்க வைத்துவிடுவீர்கள். கடிதத்துக்குள் உங்களால் குறுக்கே புக முடியாது.

சின்னவள் என் தோளைத் தாண்டிவிட்டாள். போன மாதம் வாங்கிய செருப்பு இந்த மாதம் கடிக்கிறது. குளியலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. வாடகை வாங்க வந்தவர் வழக்கம்போல் "நாளைக்கு ஆள் வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் கம்பெனியில் வீடு வாங்கியவர்களுக்குச் சாவியோடு ஒரு பரிசு கொடுப்போம் அல்லவா? முன்பெல்லாம் கம்பெனி பெயர் அச்சடித்த சுவர்க் கடிகாரம்தான், எல்லோருக்கும் ஒன்றே. அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்த பிறகு நான் யாரிடமும் என்ன வேண்டும் என்று கேட்பதில்லை. கேட்டால் "எதுக்குங்க அதெல்லாம்" என்பார்கள். வீட்டைக் காட்டும்போது அவர்களை முன்னால் நடக்கவிட்டு நான் பின்னால் போவேன். கை எங்கே போகிறது, கால் எங்கே தயங்குகிறது என்று பார்ப்பேன். மாடிப்படியில் சுவரைத் தடவித் தடவி ஏறிய பெரியவருக்குக் கைப்பிடிக் கம்பி போட்டுக் கொடுத்தோம். படுக்கையறை வெளிச்சத்தைக் கண்டதும் முகம் சுளித்த நர்ஸம்மாவுக்குக் கனத்த திரைச்சீலை. இரவெல்லாம் வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர் ஆயிற்றே. இப்போதும் வழியில் பார்த்தால் "உங்க புண்ணியத்துல தூங்குறேன்" என்கிறார். எங்கள் மேனேஜரம்மா, "இவ கண்ணுக்கு எதுவும் தப்பாது" என்று நாலு பேர் முன்னால் சொல்ல, எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதையை இனிக் கேளுங்கள்.

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற ஒருவர் வீடு வாங்கினார். வீடு பார்க்க வந்தபோதெல்லாம் கிளம்புமுன் வாசலருகே நின்று, போனில் முகம் பார்த்துத் தலைவாரிக்கொள்வார். சரி, அந்த இடத்தில் ஒரு கண்ணாடி என்று முடிவு செய்தேன். தச்சர் "எவ்வளவு ஒசரத்துல மாட்டணும்?" என்று கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. கையைத் தூக்கி, "முகம் இங்க வரும்" என்று காட்டினேன்.

சாவி கொடுத்த அன்று குடும்பமே வந்திருந்தது. ஓட்டுநர் ஆசையாகக் கண்ணாடி முன்னால் போய் நின்றார். உச்சிமுடி மட்டும் தெரிந்தது. மனிதர் என்னைவிட இரண்டு விரல்தான் உயரம். "பரவாயில்லக்கா, வழுக்கை விழுதான்னு தினமும் பாத்துக்கலாம்" என்று அவரே சொல்ல, அவர் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன். பிறகு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். தச்சருக்கு நான் காட்டியது உங்கள் முகம் இருக்கும் இடம்.

கீழே சுவிட்ச் போர்டு இருந்ததால் அதை இறக்கி மாட்ட முடியவில்லை. அவருக்கு வேறு சின்னக் கண்ணாடி வாங்கிக் கொடுத்துவிட்டு, இதை வீட்டுக்கு எடுத்து வந்தேன். நடந்ததைச் சொல்லி, சின்னவளுக்கும் கையைத் தூக்கிக் காட்டினேன். "அப்பா அவ்வளவு ஒசரமா? போன்ல அப்படித் தெரியலையேம்மா" என்றாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. நீங்கள் கடைசியாக ஊருக்கு வந்துபோனபோது அவள் சின்னக் குழந்தை. போனில் உங்கள் முகம் தெரிகிறது, உயரம் தெரியவில்லை.

வெளிநாட்டிலேயே இன்னும் இரண்டு வருஷத்துக்கு வேலை ஒப்பந்தம் போட்டால் மூன்று அறை வீடாகவே வாங்கலாம் என்று போன வாரம் சொன்னீர்கள். நானும் 'உம்' கொட்டினேன். மறுநாளே இரண்டு அறை வீடு ஒன்று விற்பனைக்கு வந்தது. நம்மிடம் இருப்பதே அதற்குப் போதும். சாவி என்னிடம்தான் இருந்தது, மதியம் தனியாகப் போனேன். உங்களை முன்னால் நடக்கவிட்டு நான் பின்னால் போவதாக நினைத்துக்கொண்டேன். வாசலில் தலை இடிக்காமல் குனிந்தீர்கள். அதுவரை சரி. அப்புறம் எந்தப் பக்கம் திரும்புவீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. செய்தித்தாளை இன்னும் நின்றுகொண்டேதான் படிக்கிறீர்களா? டீயை ஆறவைத்துவிட்டு மறந்துபோகிற பழக்கம் இருக்கிறதா, விட்டுவிட்டதா? வந்துபோகும் அந்நியர்களுக்கெல்லாம் பார்த்துப் பார்த்து வாங்குகிறவள், சொந்தப் புருஷனுக்கு என்ன வாங்குவது என்று தெரியாமல் நடுக் கூடத்தில் நின்றேன். எனக்குப் பயமாக இருக்கிறது.

மூன்றாவது அறை வேண்டாம். அதில் படுக்க ஆளில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். அங்கே லிஃப்ட்டைப் பழுது பார்த்துப் பார்த்து, யார் யாரையோ அவரவர் வீட்டு வாசலில் இறக்கிவிட்டது போதும்.

அந்தக் கண்ணாடி இங்கே சுவரோரமாகச் சாய்ந்திருக்கிறது. ஆணி என் கைப்பையில் இருக்கிறது. எவ்வளவு உயரம் என்று தச்சர் கேட்டால், இந்தத் தடவை நான் கையைத் தூக்க மாட்டேன். நீங்கள் வந்து நில்லுங்கள். உங்களைப் பார்த்து ஆணி அடிக்கட்டும்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். மேலே ஏறும்போது பெல்ட்டைப் போட்டுக்கொள்ளுங்கள்.

நெட்டைக் கொக்கை அண்ணாந்து பார்க்கக் காத்திருக்கும்,
உங்கள் குள்ளக் கத்திரிக்காய்