நீ தேடி வாங்கிய ஸ்கோப்பும் நான் கழற்றிய திருகாணிகளும்

மச்சான்,

உன் ஸ்கோப் இப்போது என் சமையலறை மேசையில் கிடக்கிறது. துவக்கின் முதுகில் பொருத்திக் குறிபார்க்கும் அந்தக் குட்டைத் தூரக்கண்ணாடியேதான். போன ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்த கையோடு ரெஜினா பிள்ளையையும் கூட்டிக்கொண்டு நியூ லின்னிலிருந்து எங்கள் கிளென்ஃபீல்ட் வீட்டுக்கு வந்தார். ஒரு பிஸ்கட் டின்னை என் முன்னால் வைத்து, "அவரோட காட்டுக்குப் போய் வந்தது நீங்கள்தானே அண்ணை. இது உங்களிட்டயே இருக்கட்டும்" என்றார். உன் மனைவி என்னை நம்பி எதையாவது தந்தால் எனக்கு வாங்கக் கூசுகிறது. ஏனென்று உனக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

டின்னுக்குள் உன் கம்பளிக் காலுறை, அதற்குள் ஸ்கோப். துவக்கு எண்ணெயின் வாசம் மூக்கில் ஏறியதும் உன் கார் வாசலில் வந்து நிற்கிறது என்றே ஒரு கணம் நினைத்தேன். வளையங்களோடு சேர்த்தே கழற்றி வைத்திருக்கிறாய். அந்த வளையங்களை மூடிப் பிடிக்கும் நான்கு சின்னத் திருகாணிகளில் ஒன்றின் தலைக்குழிக்குள் மஞ்சளாக ஏதோ காய்ந்திருந்தது. ஊசியால் கிண்டி மணந்து பார்த்தேன். சந்தனம். அதை அங்கே வைத்தவன் நான்தான்.

முதலிலிருந்து சொல்கிறேன். பென்ரோஸ் தொழிற்சாலையில் நீ ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினாய், நான் இயந்திரங்களைப் பழுதுபார்த்தேன். கூட வேலை செய்த ஹேமி என்ற, இந்த நாட்டுப் பூர்வகுடி மாவோரிக்காரர் உன்னை மான் வேட்டைக்குக் கூட்டிப்போனார். மன்னார்க் கடலில் வலை இழுத்தவனுக்கு மலையில் என்ன வேலை என்று நான் பகிடி பண்ணினேன். அடுத்த பயணத்தில் நானே சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு உன் பின்னால் வந்தேன். எனக்குத் துவக்கு உரிமம் கிடையாது, எடுக்கும் எண்ணமும் இல்லை. இறைச்சி சுமக்கவும் உன்னோடு கதைத்துக்கொண்டு நடக்கவும்தான் வந்தேன்.

உன் வலது கை நடுங்கும். ஊரில் உன்னைப் பிடித்து ஒரு முகாமுக்குள் மூன்று மாதம் வைத்திருந்தபோது அந்தக் கையை என்ன செய்தார்கள் என்று நீ ஒருவருக்கும் முழுதாகச் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் என் மனைவி வசந்தி உனக்கு மட்டும் அரைக் கோப்பைதான் தேத்தண்ணீர் ஊற்றுவாள். அந்தக் கை துவக்கைப் பிடித்ததும் அடங்கிவிடும். முதல்முறை நான் அதைக் கண்டபோது, "பாத்தியே மச்சான், இவனுக்கு இதைப் பிடிச்சா மட்டும் பயம் போகுது" என்று கையை ஓர் ஆளைப்போலச் சொன்னாய். ரெஜினாவிடமும் போய் அதைச் சொன்னாய். கை இன்னும் செத்துப்போகவில்லை என்பதற்கு உனக்கு இருந்த ஒரே அத்தாட்சி அதுதான்.

பிறகு அந்த ஸ்கோப். உன் முதல் ஸ்கோப் மலிவானது. கைமனாவா மலையில் மழை பெய்த ஒரு காலையில் உள்ளே ஆவி பிடித்து வெள்ளையாகிவிட்டது. நூறு அடி தூரத்தில் நின்ற கலைமான் ஆறுதலாகப் புல்லைத் தின்றுவிட்டுப் போனது. அன்றிலிருந்து ஓர் ஆண்டு முழுக்க நீ ஸ்கோப் தேடினாய். பொம்பிளை பார்க்கக்கூட இந்த மனுசன் இவ்வளவு யோசிக்கவில்லை என்று ரெஜினா உன்னை நக்கலடிப்பார். நீ அதையெல்லாம் காதில் வாங்கவே மாட்டாய். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஹேமியோடு இருந்து, எது தண்ணீர் புகாதது, எது துவக்கின் உதையைத் தாங்கும், எது கல்லில் விழுந்தாலும் குறி மாறாது என்று கேட்டுக் கேட்டு அந்த மனுசனுக்குப் பைத்தியம் பிடிக்கவைத்தாய்.

நியூ லின் கடையில் நீ செய்த கூத்து ஞாபகமிருக்கிறதா? கடைக்காரர் ஒன்பது மடங்கு பெரிதாகக் காட்டும் பளபளப்பான ஒன்றை எடுத்துவந்தார். நீ அதைக் கண்ணில்கூட வைக்கவில்லை. "வெளிச்சமாத் தெரியிறது கடைக்குள்ள வடிவுதான். சுத்துற சாமான் கூடினா உடையிற சாமானும் கூடும்" என்று என்னிடம் தமிழில் சொன்னாய். பிறகு நான்கு மடங்கு மட்டும் காட்டும், தடித்த, அழகே இல்லாத இதைக் கையில் எடுத்தாய். காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தாய். அதோடு விட்டாயா? ஒரு வாளி சுடுதண்ணீர் கேட்டாய். உள்ளே தண்ணீர் புகும் வழி இருந்தால் சூட்டில் காற்று குமிழியாக வெளியே வரும், அது உன் கணக்கு. கடைக்காரர் சிரித்துச் சிரித்து வாளியைக் கொண்டுவந்தார். மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். ஒரு குமிழிகூட வரவில்லை. உன் முகம் மலர்ந்ததைப் பார்த்து அவர் கைகுலுக்கினார்.

அதைத் துவக்கில் பூட்டி, கடதாசியில் சுட்டுக் குறி சரிபார்த்து, ஒரே துளைக்குப் பக்கத்தில் பக்கத்தில் மூன்று குண்டு விழும்வரை நீ விடவில்லை. "இனி இதில ஒருத்தரும் கை வைக்கக்கூடாது" என்றாய். எனக்கும்தான் சொன்னாய்.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு, ஒக்டோபர். தொழிலாளர் தினத்தோடு மூன்று நாள் விடுமுறை. சனிக்கிழமை சரஸ்வதி பூசை. ஞாயிறு விடியற்காலை என் வீட்டிலிருந்து புறப்படுவதாகத் திட்டம். சனி பின்னேரமே நீ வந்துவிட்டாய். துவக்கைச் சலவையறை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, அடுத்த நாள் திருப்பலி தவறிவிடும் என்று சனிக்கிழமை மாலைத் திருப்பலிக்குப் போனாய். சாவியை என் கையில் தந்துவிட்டுப் போனாய்.

பூசைக்கு நான் என் ஸ்பானர்களைத் துடைத்து அடுக்கியிருந்தேன். பிள்ளைகளின் புத்தகங்கள், வசந்தியின் தையல் மெஷின், எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். அப்போது உன் நினைவு வந்தது. போன முறை ஈரப் பாறையில் வழுக்கி விழுந்தாயே, அது வந்தது. உன் துவக்கையும் வைத்துக் கும்பிட்டால் என்ன என்று வசந்தியிடம் கேட்டேன். "துவக்கைச் சாமியறைக்குள்ள கொண்டுவந்தியள் எண்டா நான் இந்த வீட்டில இருக்கமாட்டன்" என்றாள். சரி, துவக்கு வேண்டாம், அதன் கண் இருக்கிறதே என்று நினைத்தேன். அலுமாரியைத் திறந்தேன். சட்டப்படி நான் அதைத் தொடவே கூடாது. அலன் கீயால் நான்கு திருகாணிகளையும் கழற்றி, ஸ்கோப்பைத் தட்டத்தில் வைத்து, அதற்கும் திருகாணிகளுக்கும் பொட்டு வைத்து, கற்பூரம் காட்டினேன். உன்னைக் காப்பாற்று தாயே என்று வாய்விட்டுக் கேட்டேன். சத்தியமாகக் கேட்டேன், மச்சான். பிறகு துடைத்து, பழைய அடையாளத்திலேயே வைத்து, இறுக்கிப் பூட்டினேன். திருகாணி இறுக்கித்தானே நான் சோறு தின்கிறேன். எனக்குத் தெரியாத இறுக்கமா என்று ஒரு திமிர்.

நீ திரும்பி வந்தபோது சொல்லியிருக்கலாம். வேதக்காரனின் துவக்குக்குப் பொட்டு வைத்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. கை வைக்காதே என்றதில் கை வைத்தேன் என்று சொல்லப் பயமாகவும் இருந்தது. நீ கடலை வடையைத் தின்றுவிட்டு, வசந்தியின் சுண்டலைப் புகழ்ந்துகொண்டிருந்தாய்.

ஞாயிறு பின்னேரம் ஆற்றோரப் புல்வெளிக்கு அந்த இளம் கலைமான் வந்தது. நீ படுத்து, பையின்மேல் துவக்கை வைத்து, நெடுநேரம் காத்திருந்தாய். உன் கையைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை. வெடித்தது. மான் விழவில்லை. பின்பக்கம் மடிந்து, எழும்பி, ஒரு காலை இழுத்துக்கொண்டு பற்றைக்குள் போனது. அது கத்திய சத்தம் உனக்கும் கேட்டது, எனக்கும் கேட்டது.

பன்னச்செடி இலைகளில் இரத்தம் பார்த்துப் பார்த்துத் தேடினோம். மழை வந்து இரத்தத்தைக் கழுவியது. மறுநாள் காலை மறுபடியும் தேடினோம். நீ முழங்காலில் தவழ்ந்தாய். ஒரு குண்டு, ஒரு மான், அதற்கு நோகக்கூடாது என்று சொல்லிச் சொல்லி வேட்டையாடியவன் நீ. மத்தியானம் ஆற்றங்கரைக் கல்லில் இருந்து அழுதாய். நான், தெரிந்துதான் கேட்டேனோ தெரியாமல் கேட்டேனோ, "ஸ்கோப் மாறியிருக்குமோ?" என்றேன்.

"அது பிழைக்காது மச்சான். ஒரு வருசம் பாத்து வாங்கின சாமான். பிழைச்சது என்ர கைதான். கடைசியா இவனும் என்னைக் கைவிட்டுட்டான்" என்றாய்.

அப்போது சொல்லியிருக்கவேண்டும். வாயைத் திறந்தேன், வேறு ஏதோ சொன்னேன். தண்ணீர் குடிக்கிறாயா என்று கேட்டேன் என்று நினைக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை தொழிற்சாலையில் யாருக்கோ நடந்ததுபோல ஹேமியிடம் கேட்டேன். ஸ்கோப்பை ஒருதரம் வளையத்திலிருந்து தூக்கினால், எவ்வளவு கவனமாகத் திருப்பி வைத்தாலும், மறுபடி கடதாசியில் சுட்டுக் குறி பார்க்காமல் காட்டுக்குக் கொண்டுபோகக்கூடாது என்றார். மயிரிழை விலகினால் அங்கே ஒரு சாண் விலகும் என்றார். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார். நான் எழும்பிப் போய்விட்டேன்.

அந்தச் சனிக்கிழமை சொல்லத்தான் உன் வீட்டுக்கு வந்தேன். ஸ்கோப்பை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டு நீ துவக்கை விற்றுவிட்டிருந்தாய். சோபாவில் இருந்து கையை மடியில் மறைத்துக்கொண்டிருந்தாய். இனிச் சொல்லி என்ன என்று நினைத்தேன். அடுத்த வாரம் என்றேன். அடுத்த மாதம் என்றேன். உனக்கு மகள் பிறந்தாள், இந்தச் சந்தோசத்தில் வேண்டாம் என்றேன். உனக்குப் புற்றுநோய் என்றார்கள், இந்தத் துக்கத்தில் வேண்டாம் என்றேன். கோழை எப்போதும் ஒரு நல்ல காரணம் வைத்திருப்பான்.

ஆஸ்பத்திரியில் ஒரு பின்னேரம் நாம் இருவர் மட்டும் இருந்தோம். இன்றைக்குச் சொல்லியே ஆகவேண்டும் என்று கதிரையைக் கிட்ட இழுத்தேன். நீ முந்திவிட்டாய். "அந்த மான் அண்டைக்கே செத்திருக்கும் என்ன?" என்று கேட்டாய். மூன்று வருடம் கழித்து, அந்த நோவுக்குள் கிடந்துகொண்டு, அதைக் கேட்டாய். "ஓம் மச்சான், அண்டைக்கே" என்றேன். நீ கண்ணை மூடினாய். நிம்மதியாகத் தெரிந்தது. அந்த நிம்மதியைக் கலைக்கக்கூடாது என்று இன்னொரு நல்ல காரணம் எனக்குக் கிடைத்தது. பத்து நாளில் நீ போய்விட்டாய்.

போன ஞாயிறு அந்தச் சந்தனத்தைக் கண்டதும் என்னால் முடியவில்லை. ரெஜினாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வசந்தி அடுப்பை நிறுத்திவிட்டு வந்து நின்றாள். ரெஜினா அந்தத் திருகாணியை விரலால் தடவிப் பார்த்தார்.

"அப்ப அவற்ற கைக்கு ஒண்டுமில்லையே, அண்ணை?"

"இல்லை. அண்டைக்கு அது அசையவே இல்லை. நான் பாத்தனான்."

"பிள்ளை பிறந்த நேரம் நேர்ஸ் தூக்கிக் குடுத்தவா. வேண்டாம் எண்டிட்டார். இந்தக் கையை நம்பேலாது, விழுத்திப்போடுவன் எண்டவர். சாகும்வரைக்கும் தூக்கேல்லை. ஒருநாள்கூடத் தூக்கேல்லை."

எனக்கு அது தெரியாது, மச்சான். நீ பிள்ளையைப் பக்கத்தில் வைத்துத் தலையைத் தடவுவதைக் கண்டிருக்கிறேன். தூக்காததை நான் கவனிக்கவே இல்லை. உன்னிடம் நான் ஒரு வேட்டையைத்தான் பறித்தேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

"ஏன் அண்ணை அவரிட்டச் சொல்லேல்லை?" என்று ரெஜினா கேட்டார். என்னை மன்னிக்கச் சொல்லி நானும் கேட்கவில்லை, அவரும் மன்னித்ததாகச் சொல்லவில்லை. பிள்ளைக்குச் சப்பாத்து மாட்டிவிட்டு, வாசலில் நின்று, நிதானமாகச் சொன்னார்: "அப்பா ஏன் தன்னைத் தூக்கேல்லை எண்டு இவள் ஒருநாள் கேப்பாள். நான் சொல்லமாட்டன். நீங்கள்தான் சொல்லவேணும்."

ஓம் என்றேன். அவர்கள் கார் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்றேன். அந்தப் பிள்ளைக்கு எந்த மொழியில் சொல்வேன்? தமிழில் கேட்டால் அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறாள். எதிலிருந்து தொடங்குவேன்? ஐந்து நாளாக ஒரு வசனம் எழுதி, அடித்து, மறுபடி எழுதுகிறேன். உன்னிடம் சொல்லத் தவறிய எனக்கு, உன் மகளிடம் சொல்ல வாய் வருமா என்று பயமாக இருக்கிறது. அவளுக்கு இப்போது நாலு வயது. வேகமாக வளர்கிறாள், மச்சான்.