இடது கையால் ஒரு பூனை

அன்புச் சிட்டுவுக்கு,

நீ சௌக்கியம்தானே? இங்கே நானும் அப்பாவும் சுகம். வழக்கமாக ஒப்புக்கு எழுதுகிற வரிதான், இந்தத் தடவை மனசார எழுதுகிறேன். சந்தோஷத்தில் எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

எங்கள் சிறுவர் பத்திரிகையில் போன இதழில் கைதான் விஷயம். வலது கையை ஆட்டிவைப்பது மூளையின் இடது பாதி என்று அறிவியல் பக்கத்தில் நான் எழுத, எதிர்ப்பக்கத்தில், பழக்கமில்லாத கையால் ஏதாவது ஒரு பிராணியை வரைந்து அனுப்புங்கள் என்று பிள்ளைகளைக் கேட்டிருந்தோம். வந்து குவிந்துவிட்டது! ஆபீஸ் மேசை கொள்ளாமல் பை நிறைய வீட்டுக்குத் தூக்கிவந்து கூடத்தில் கொட்டினேன். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இத்தனை வருஷம் இதே பத்திரிகைக்குப் படம் போட்ட மனுஷர், பக்கவாதத்தில் வலது கை விழுந்ததிலிருந்து இதழைக்கூடக் கவிழ்த்து வைத்துவிடுகிறவர்தானே. ஒரு யானைப் படம் அவர் காலடியில் போய் விழுந்தது, யானையா பூட்ஸா என்று சொல்ல முடியாது. குனிந்து எடுத்தார், தோள் குலுங்கியது, அழுகிறாரோ என்று பதறி ஓடினால் மனுஷர் சிரிக்கிறார்! கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, "நான் இத விட மோசமா வரைவேன், பென்சில் குடுடி" என்றார். எனக்குப் பென்சிலைத் தேடக் கண்ணே தெரியவில்லை.

இடது கையால் ஒரு பூனை வரைந்தார். மற்றதோடு சேர்த்துவிடு, யார் வரைந்தது என்று மூச்சு விடாதே என்று கட்டளை வேறு. படங்களைத் தேர்ந்தெடுப்பது எங்கள் வாசகப் பிள்ளைகள்தான். அதில் ரெட்டைப் பின்னல் போட்ட ஒருத்தி, "இது பூனையா, காது வச்ச தலகாணியா?" என்று தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டாள்! வீட்டுக்கு வந்து தயங்கித் தயங்கிச் சொன்னேன், மறுபடி சுருண்டுவிடுவாரோ என்று பயம். அவரோ, "சரியாத்தான் சொல்லியிருக்கா, கழுத்தே இல்ல பாரு" என்று அடுத்த தாளை இழுத்துக்கொண்டார். அன்றிலிருந்து கரண்ட் பில்லின் பின்பக்கம், மாத்திரை டப்பா, எங்கு பார்த்தாலும் பூனை. கைக்குப் பயிற்சி கொடுக்க வருகிற தம்பியைக்கூட, "இருப்பா, மீசை பாக்கி" என்று காக்க வைக்கிறார். அடுத்த கட்டுப் படங்களில் ஒன்றைச் சேர்த்துவிட்டேன். அதே பின்னல்காரி எடுத்துப் பார்த்து, "ஐயோ, இது தூங்குற மாதிரி நடிக்குது!" என்று எல்லாரிடமும் காட்டினாள். நான் வராந்தாவுக்குப் போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தேன்.

இதழ் நேற்று வந்தது. பக்கத்தின் அடியில் அப்பாவின் பூனை, கீழே, பிள்ளைகளின் படங்களுக்குப் போடுவதுபோலவே, 'வயது: இடது கைக்கு ஒன்று'. மேலே யாரோ ஒரு குட்டிப் பெண்ணின் தவளைக்குப் பாதிப் பக்கம் கொடுத்துவிட்டார்களாம், காலையிலிருந்து அதே புலம்பல்.

அப்பாவைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்று எழுதியிருந்தாயே, அவசரப்படாதே, லீவு போட்டு வா, போதும். வேளாவேளைக்குச் சாப்பிடு. நீ எங்கிருந்தாலும் மனம் நிறைந்து நன்றாக இரு, எங்கள் ஆசி என்றைக்கும் உண்டு. இதழை இத்துடன் அனுப்புகிறேன். ஒன்று மட்டும் மறக்காதே, பூனை பிரமாதம் என்று எழுதிவைக்காதே, பின்னங்கால் எங்கே என்று கேள். உன்னோடு சண்டை போட ஆசையாக இருக்கிறார்.

அன்புடன்,
அம்மா