கறுப்பு வில்லில் சிவப்பு நூல்

ஆனைமலை முகாம்,
6-10-2024

என் அன்பு ஸ்வாதிக் குட்டிக்கு,

நான் நலம். உன் நலமும் கொரட்டூர் ஏரிக் கொசுக்களின் நலமும் அறிய ஆவல். இங்கே டவர் கிடையாது. வாரம் ஒருமுறை மலையிறங்கும் ஜீப்தான் தபால்காரன். பகலெல்லாம் இருவாச்சிக் கூட்டை அண்ணாந்து பார்த்து கழுத்து சுளுக்கிக் கிடக்கிறேன். பறவை ஆராய்ச்சி என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்தவளுக்கு இது வேண்டும்தான்.

அம்மா ஆவடியிலிருந்து எழுதியிருந்தாள். நம் வில்வித்தைக் குழு ஜெகதீசன் சார் வேலை மாறி துபாய் போகிறாராம். நுனி வெளிப்பக்கம் வளைந்த தன்னுடைய இரண்டு ரீகர்வ் வில்லையும் வெளியாளுக்குக் கொடுக்க அவருக்கு மனமில்லையாம். போன வருஷப் போட்டியில் ஜெயித்தவள் என்று முதலில் எடுக்கும் உரிமையை எனக்குக் கொடுத்திருக்கிறார். மற்றது உனக்கு. பிரவுனா, கறுப்பா? நீதான் சொல்ல வேண்டும்.

நான் வந்து எய்து பார்க்க வழியில்லை. புலிக் காட்டுக்குள் வில்லோடு நடந்தால் முதலில் என்னைத்தான் பிடித்து உள்ளே போடுவார்கள். நாணை இழுக்கும் நீளம் நம் குழுவிலேயே நம் இருவருக்கும்தான் ஒன்றாக அமைந்திருக்கிறது. உன் கைக்குப் பிடித்தால் என் கைக்கும் பிடிக்கும். வழக்கப்படி இலக்காக வைக்கும் வைக்கோல் கட்டுக்கு எதிரே, கிட்டத்தில் நின்று, கண்ணை மூடியும் எய்து பார். கண் திறந்திருந்தால் வில்லின் அழகு ஆளை மயக்கிவிடும்.

உன் மறு கை,
ஆக்னஸ்


கொரட்டூர்,
14-10-2024

காட்டு ராணி ஆக்னஸுக்கு,

ஆபீசில் நாலு வரி மெயில் அடிக்கவே அலுத்துக்கொள்பவளைப் பேனா பிடிக்க வைத்துவிட்டாயே, நீ நல்லா இருப்பாயா? என் கையெழுத்தைப் பார்த்துச் சிரித்தால் அடுத்த கடிதம் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை வேலப்பன்சாவடி மைதானத்துக்குப் போனேன். கறுப்பு வில் நீளம். நாணை இழுக்க இழுக்க ஒரே சீராக வருகிறது, நிதானமான பிறவி. ஆனால் கையில் கொஞ்சம் கனம். பிரவுன் குட்டை. நுனி இரண்டும் வெளிப்பக்கம் நன்றாகச் சுருண்டிருக்கிறது. விட்டதும் அம்பு சத்தமில்லாமல் போய்க் குத்தி நிற்கிறது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்டி, பிரவுன்தான். அது உனக்குப் போகப் போகிறதே என்று எனக்கு வயிறு எரிகிறது.

கண்ணை மூடி எய்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அதை அடுத்த வாரம் பார்த்துவிடுகிறேன். உன் அம்மா சுட்டுக் கொடுத்தனுப்பிய கல்கல் பலகாரத்தை வழியிலேயே தின்று தீர்த்துவிட்டேன். உனக்குப் பார்சல் வராது, தேடாதே.

அன்பும் பொறாமையுமாக,
ஸ்வாதி


ஆனைமலை முகாம்,
20-10-2024

ஸ்வாதிக் குட்டி,

கல்கல் திருடியே, உன்னை வந்து கவனித்துக்கொள்கிறேன். அப்படியானால் பிரவுன் எனக்கு, கறுப்பு உனக்கு. வயிறு எரிந்தால் மோர் குடி. கண்மூடிச் சோதனையில் பெரிதாக எதுவும் தோன்றினால் மட்டும் எழுது. இல்லாவிட்டால் இதுவே முடிவு என்று ஜெகதீசன் சாரிடம் சொல்லிவிடு. கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைக்காது. பொங்கலுக்கு வந்து நேராக ஆவடிப் போட்டியில் இறங்குகிறேன். இந்தக் காட்டில் அதை நினைத்துத்தான் நாளை ஓட்டுகிறேன்.

உன் மறு கை,
ஆக்னஸ்


கொரட்டூர்,
4-11-2024

அன்புள்ள ஆக்னஸுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, கோபப்படாதே. ஆபீசில் சாஃப்ட்வேர் ரிலீஸ் வேலை பிழிந்தெடுத்துவிட்டது.

கண்ணை மூடி எய்து பார்த்தேன். நான் முதலில் எழுதியது தப்பு. பிரவுன் பார்க்கத்தான் பகட்டு. கண்ணை மூடினால் அதன் அவசரம் கையில் தெரிகிறது. இத்தனை மாதம் வில்லையே தொடாமல் வரும் உனக்கு அது சரிப்படாது. கறுப்பு அப்படியில்லை, உன் சின்னச் சின்னத் தப்பையெல்லாம் பொறுத்துக்கொள்ளும். யோசித்து யோசித்துத்தான் சொல்கிறேன். உனக்குக் கறுப்புதான். பிரவுனோடு நான் மல்லுக்கட்டிக்கொள்கிறேன்.

உனக்காக ஒரு வேலையும் செய்திருக்கிறேன். கறுப்பு வில்லின் மேல் பாதியில், வளைவுக்குக் கீழே, சிவப்புப் பட்டு நூல் வாங்கி நெருக்கமாகச் சுற்றியிருக்கிறேன். விரல் நோக உட்கார்ந்து சுற்றினேன். அழகுக்குத்தான். என் ஞாபகமாக இருக்கட்டும், பிரித்துவிடாதே.

உன்,
ஸ்வாதி


ஆனைமலை முகாம்,
10-11-2024

என் செல்ல ஸ்வாதிக்கு,

நூல் சுற்றினாயா? நீயா? சட்டைப் பொத்தான் அறுந்தால் சட்டையையே மாற்றுகிற நீயா? படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். முகாமில் எல்லோரும் ஊரில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்துவிட்டார்கள்.

பிரவுன் மேல் ஆசை இருந்தது உண்மை. ஆனால் எனக்கு எது சரிப்படும் என்று என்னைவிட உனக்குத் தெரியும். கறுப்பே இருக்கட்டும். அந்த நூலை யாரையும் தொடக்கூட விடமாட்டேன்.

உன் மறு கை,
ஆக்னஸ்


கொரட்டூர்,
27-1-2025

அன்புள்ள ஆக்னஸுக்கு,

முகாமுக்குப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா? கண் எப்படி இருக்கிறது? போட்டிக்கு முன்னால் நீ பயிற்சி அம்பை இழுத்ததும், கறுப்பு வில் உடைந்து மேல் பாதி உன் முகத்தில் அடித்ததும் இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. கன்னத்துத் தையல் தழும்பில்லாமல் ஆறிவிடும் என்று டாக்டர் சொன்னாரே, கவலைப்படாதே.

ஆஸ்பத்திரியில் நான் சொன்னதுதான். ஜெகதீசன் சார் வில்லை வெயிலில் காருக்குள் போட்டு வைத்துக் கெடுத்திருப்பார். நீ அவருக்குப் போன் போட்டு வாங்கு வாங்கென்று வாங்கியதில் தப்பே இல்லை.

உடைந்த துண்டுகள் உன் வீட்டில் இருந்தால் அம்மாவிடம் சொல்லித் தூக்கிப் போடச் சொல். உடைந்த பொருள் வீட்டில் இருக்கக் கூடாது. அடுத்த வருஷம் நல்ல வில்லாகப் பார்த்து வாங்கலாம், நானும் கூட வருகிறேன்.

என்றும் உன்,
ஸ்வாதி


ஆனைமலை முகாம்,
9-2-2025

ஸ்வாதிக்கு,

போனில் பேசினால் நீ அழுவாய், நான் உருகிவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

போன வாரம் பொள்ளாச்சியில் கண் டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது டவர் கிடைத்தது. நம் குழுவில் இருக்கும் விஷால் அம்பத்தூர்ப் பட்டறையிலிருந்து கூப்பிட்டான். அவன் சொன்னதை அவன் வாயாலேயே கேள்.

"இன்னாக்கா, கண்ணு எப்டி கீது? ஒடஞ்ச வில்ல நான்தான் ஊட்டுக்கு எடுத்துகினு வந்தேன். செவப்பு நூல பிரிச்சி பாத்தா உள்ள விரிசலு, அதுல பழைய பசை காஞ்சி கீது. ஸ்வாதி உன்னாண்ட அப்பவே சொல்லிட்சின்னு இல்ல நென்ச்சிகினு கீறேன்?"

என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டேன்.

"கண்ண மூடிகினு இழுத்துச்சே, அன்னிக்கி நானும் பக்கத்துலதான் நின்னுகினு இருந்தேன். கறுப்பு வில்லு. அம்பு நாண்ல சரியா மாட்டாம கீய உயுந்துட்ச்சி. அது தெரியாம வெறும் நாண வுட்டுச்சி. அந்த சத்தத்துல எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சி. 'ஆக்னஸ் கிட்ட நானே சொல்லிக்கிறேன், நீ வாய தொறக்காத'ன்னுச்சி. நானும் நம்பிகினேன்கா."

அம்பில்லாமல் நாணை விடாதே, அந்த வேகமெல்லாம் மரத்துக்குள்ளேயே திரும்பி வில்லைப் பிளக்கும். இது நமக்கு முதல் நாளே சொல்லிக் கொடுத்தது. நாணை விட்ட அந்த நிமிஷமே உனக்குத் தெரிந்திருக்கும். நான் பிரவுனை எடுத்தால் விரிசல் விட்ட கறுப்பு உன் தலையில் விழும் என்பதும் தெரிந்திருக்கும். அதற்குப் பிறகு உட்கார்ந்து, பேனாவை எடுத்து, பிரவுன் எனக்குச் சரிப்படாது என்று எழுதினாய். என் தப்பையெல்லாம் கறுப்பு பொறுத்துக்கொள்ளும் என்று எழுதினாய். எப்படியடி மனசு வந்தது?

கண்ணை மூடினால் யாருக்கும் கை தவறும். அதற்கு நான் கோபப்படுவேனா? 'ஆக்னஸ், கறுப்பைக் கெடுத்துட்டேன்டி' என்று ஒரு வரி எழுதியிருந்தால் உன்னைக் கேலி செய்தே ஒரு பக்கம் எழுதியிருப்பேன். நம் இருவருக்கும் நாணை இழுக்கும் நீளம் ஒன்றுதானே? பிரவுனை மாற்றி மாற்றி எய்துகொண்டு காலத்தை ஓட்டியிருப்போம். கறுப்பை உன் வீட்டுச் சுவரில் மாட்டி வருகிறவர்களிடம் கதை சொல்லியிருப்போம்.

அந்த நூலுக்காக நான் அழுதேன். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. போட்டியன்று அந்த நூலைத் தடவிவிட்டுத்தான் நாணை இழுத்தேன். நீ பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். அப்போதாவது 'வேண்டாம்' என்று ஒரு குரல் கொடுத்திருக்கலாம். பசை தாங்கிவிடும் என்று நினைத்தாயோ என்னவோ. என் முகத்தை வைத்துத்தான் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டுமா?

இடது கண்ணில் இன்னும் மங்கல் இருக்கிறது. போகப் போகத் தெளியலாம் என்கிறார் டாக்டர், நிச்சயமாகச் சொல்ல மாட்டேன் என்கிறார். கூட்டில் குஞ்சு தலை நீட்டுகிறதா என்று நான் இப்போது பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுத்தான் குறித்துக்கொள்கிறேன். என் பிழைப்பே இந்தக் கண்தான் என்று உனக்குத் தெரியும்.

இதையெல்லாம்கூட என்றாவது விழுங்கிவிடுவேனோ என்னவோ. ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு ஜெகதீசன் சார் மேல் பழி போட்டாயே, அதுதான் தொண்டைக்குள் இறங்கவில்லை. உன் பேச்சைக் கேட்டு அந்த மனுஷனை வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். அவர் அன்று 'நான் நல்லா பாத்துட்டுதான்மா கொடுத்தேன்' என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். பொள்ளாச்சியிலிருந்தே அவரைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டுவிட்டேன். வில் எப்படிக் கெட்டது என்று நான் சொல்லவில்லை. அது நீ சொல்ல வேண்டியது.

பிரவுன் வில் உன்னிடமே இருக்கட்டும். விஷாலிடம் இருக்கும் துண்டுகளையும் நூலையும் என்ன செய்வது என்று கேட்டான். எனக்கு வேண்டாம் என்றேன். இதற்கு நீ பதில் எழுதினாலும் நான் பிரிக்கப் போவதில்லை.

உன் கைக்குப் பிடித்தால் என் கைக்கும் பிடிக்கும் என்று எழுதியிருந்தேன். இனி என் வில்லை நானே எய்து பார்த்து எடுத்துக்கொள்கிறேன்.

ஆக்னஸ்